அரை லிட்டர் நல்லெண்ணெய் இலவசம்

1. வாசலில் நின்றவள்

சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று ஜனங்கள் ஒரு பொருளைத் தள்ளிவிட்டுப் போவதை என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது நல்லெண்ணெய். மட்டமான எண்ணெய் இல்லை, பாக்கெட்டை வெட்டினால் அறை முழுக்க மணக்கிற எண்ணெய். அந்த எண்ணெயால் எங்கள் கடையே மூடிவிடும் போல ஆகிவிட்டது. கடை மூடினால் என் வீட்டில் உலை ஏறாது. இப்போது பெரிய பெரிய கடைகளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். அதற்கு முன்னால் நான் தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) பண்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில் வேலை. மில்லை மூடிவிட்டார்கள். மனிதர் காலையில் டீக்கடைக்குப் போய் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். பத்தாவது படிக்கிற மகள் ஒருத்தி. சூப்பர் மார்க்கெட்டில் கூடுதல் சம்பளம் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

எல்லாப் பிள்ளைகளும் ஏசிக்குள் நிற்க ஆசைப்பட்டார்கள். எனக்குக் கிடைத்தது வாசல். பில்லிங் முடித்து வருகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப்பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு அனுப்புகிற வேலை. ஆஃபர் பொருள் ஏதாவது இருந்தால் அதைப் பையில் போட்டுக் கொடுப்பதும் நான்தான். பாதி உடம்பு ஏசியில், பாதி உடம்பு வெயிலில். இதில் இன்னொரு விசேஷம், கடையைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் அது முதலில் என் காதில்தான் விழும். முதலாளியிடம் போய் யார் சொல்லப்போகிறார்கள்? வாசலில் நிற்கிறவள்தானே ஊருக்கு இளப்பம்.

"பையக் குடு, டோக்கன் தாரேன்னா என்ன அர்த்தம்? எங்கள களவாணின்னு நெனச்சியா?"

"எம்.ஆர்.பி.ய ஏத்தி அடிச்சிட்டு அதுல கொறச்சுக் காட்டுதீங்க. அதான உங்க டிஸ்கவுன்ட்டு?" இது ஒரு வாத்தியார்.

இன்னொருவர் எங்கள் சீனிப் பாக்கெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு தன் பழைய மளிகைக் கடையில் போய் நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "எடை சரியாத்தாம்மா இருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம்.

எல்லாரிலும் பெரிய தலைவலி பசுவந்தனைப் பேச்சியம்மா. செம்மறி வைத்திருக்கிற குடும்பம். வாரம் ஒரு தரம் பஸ்ஸேறி வந்துவிடுவார். தரை பளபளப்பாக இருக்கிறது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருகிற அதே அம்மா, உள்ளே போனதும் அரிசிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். கேட்டால் சண்டை.

"கடிச்சுப் பாக்காம அரிசி வாங்குனா அது சோறா ஆவுமா களியா ஆவுமான்னு எவளுக்குத் தெரியும்? நீ வந்து வடிச்சுக் குடுப்பியா?"

"பெரியம்மா, கவரக் கிழிச்சிட்டீங்களே, இத யாருக்கு விக்க?"

"எனக்குத்தான் விக்கப் போற. பிடிச்சிருக்கு." அப்புறம் பில்லைப் பார்ப்பார். "ஏ தாயீ, வெளிய விக்கிற வெலைக்கு இவிய பருப்புல நாலு ரூவா கொறைக்காவளே, எப்படிக் கட்டுது?"

"மொத்தமா எடுக்காவ பெரியம்மா. அதான்."

"மொத்தமா எடுத்தா பருப்பு என்ன சும்மாவா காய்க்கி?"

இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடமாவது பேச்சு வாங்குவேன். வீட்டுக்கு வந்து "இந்தச் சனங்களுக்கு வெல கொறச்சாலும் குத்தம், கூட்டினாலும் குத்தம்" என்று புலம்புவேன். அந்த வாயெல்லாம் ஒரேயடியாக மூடிக்கொள்ளும் ஒரு நாள் வரும் என்று அப்போது நினைக்கவே இல்லை.

2. அண்ணாச்சியின் யோசனை

முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பரம்பரையாக மிளகாய் வத்தல் மண்டி நடத்தின குடும்பம். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் பக்கத்தில் போனால் வத்தல் நெடி அடித்துத் தும்மல் வரும். நல்ல மனிதர். ஆனால் அந்த வருஷம் அவருக்கு நேரம் சரியில்லை. அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வத்தல் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்துவிட்டது. கடையில் ஆரம்பக் கூட்டம் வடிந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பழைய மளிகைக் கடைக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் எங்களை எல்லாம் குடோனில் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்.

"உங்ககிட்ட மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. இந்தத் தீபாவளிக்கு கூட்டம் நிக்கணும். நிக்கலன்னா தையில ஷட்டர எறக்கிட்டு நான் மறுபடி மண்டியில போயி உக்காந்துருவேன். எனக்கு மண்டி இருக்கு. உங்களுக்குத்தான் என்ன வழின்னு தெரியல."

தீப்பெட்டி ஆபீஸில் என் இடத்தில் ஏற்கெனவே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மில்லும் போய், இதுவும் போனால் மகளைப் பரீட்சை எழுத வைப்பேனா, தீப்பெட்டி ஒட்ட அனுப்புவேனா?

அண்ணாச்சியே ஒரு யோசனையும் சொன்னார். "மச்சினன் எண்ணெ மில்லுல நல்லெண்ணெ ஸ்டாக் நிக்கி. தீபாவளிக்கு எல்லா வீட்லயும் எண்ணெ தேச்சுக் குளிச்சாகணும். ஐநூறு ரூவாய்க்கு மேல வாங்குறவுகளுக்கு அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணு ஃப்ரீன்னு போட்டா எப்படி?"

கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கோயிலுக்கு வருகிற கூட்டம் முழுக்க பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகும், அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று பில்லிங்கில் இருந்த முத்துமாரி எடுத்துக்கொடுத்தாள். அதற்கும் தட்டினோம்.

அந்தக் குடோனில் இருந்த அத்தனை பேரும் இந்தக் கரிசல்காட்டில் பிறந்தவர்கள். வெளியூர்க்காரர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கடைக்குள் வந்துவிட்டால் எண்ணெய் எண்ணெயாகத் தெரிவதில்லை போலிருக்கிறது. அது ஐட்டம் ஆகிவிடுகிறது.

3. செருப்பு கழற்றும் மூலை

சனிக்கிழமை கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. காலையிலிருந்து என் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் டப்பில் எண்ணெய்ப் பாக்கெட்டுகள். பில்லைப் பார்ப்பேன், ஐநூறு தாண்டியிருந்தால் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பையில் போடுவேன். "தீபாவளிக்கு வச்சுக்கோங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது.

முதலில் ஒரு பெண் பாக்கெட்டைத் திரும்ப டப்பில் வைத்துவிட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று பின்னாலேயே ஓடினேன். "வேண்டாங்க்கா" என்று நடையைக் கட்டிவிட்டாள். அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் கையை நீட்ட, அந்த அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானத்துக்கு மேல் பார்த்தால், வெளியே செருப்பு கழற்றிப் போடுகிற மூலையில் பாக்கெட்டுகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே சோப்புத்தூள் ரேக்கின் பின்னால் இரண்டு. பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் முன்னால் ஒரு குவியல்.

பேச்சியம்மாவும் அன்றைக்கு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தார். அரிசியைப்பற்றிக்கூடப் பேசவில்லை. நான் பாக்கெட்டை அவர் பையின் ஓரத்தில் செருகிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

"எண்ணெ காறுதோ என்னமோ" என்றார் அண்ணாச்சி. குடோனில் ஒரு பாக்கெட்டை வெட்டி முகர்ந்தோம். நாக்கில் தொட்டுப் பார்த்தோம். அருமையான எண்ணெய். ஆனாலும் மச்சினருக்கு ஃபோன் போட்டுக் கத்து கத்தென்று கத்தினார். மறுநாள் புதுச் சரக்கு வந்தது. பாக்கெட்டின் மேல் "இன்று ஆட்டியது" என்று ஸ்டிக்கர் ஒட்டினோம்.

நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. திங்கட்கிழமை கடை வெறிச்சென்று கிடந்தது. வந்தவர்களும் நானூற்றுச் சொச்சத்துக்கு வாங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஐநூறு தாண்டிவிடக் கூடாது என்று ஒரு அம்மா பில்லிங்கில் நின்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி வைத்ததை நானே பார்த்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். நாலு ரூபாய் பருப்புக்கு நாற்பது கேள்வி கேட்ட ஊர் இப்படி வாயடைத்துப் போனால் பயம் வராதா? யாரையாவது பிடித்து உலுக்கி "சொல்லித் தொலைங்களேன்" என்று கேட்கலாம் போல இருந்தது.

4. டீக்கடையில் கேட்டது

விஷயத்தை என் காதில் போட்டவர் வீட்டுக்காரர்தான். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உங்க அண்ணாச்சி சனியக் கழிக்காராமே?"

"என்ன உளறுதீங்க?"

"டீக்கடையில பேசிக்கிடுதாவ. அவருக்கு ஏழரச்சனி. அண்ணன் விழுந்தாச்சு, லாரி கவுந்தாச்சு. சோசியரக் கேட்டு, புரட்டாசிச் சனிக்கிழமையாப் பாத்து ஊருக்கே நல்லெண்ணெய தானம் பண்ணிட்டாராம். வாங்குனவன் தலையில ஏறிக்கிடும்லா."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எள்ளும் நல்லெண்ணெயும் சனீஸ்வரனுக்கு உரியவை. சனி பிடித்தவர் சனிக்கிழமையில் அவற்றைத் தானம் கொடுத்தால் பிடித்தது விலகும், வாங்கினவரைப் போய்ப் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடுத்த வீட்டில்கூட நல்லெண்ணெயைச் சும்மா வாங்க மாட்டோம். என் அம்மா வீட்டில் இருந்து தீபாவளிச் சீர் வந்தபோதுகூட எண்ணெய் மட்டும் வந்ததில்லை. இது எனக்குத் தெரியாததா? முத்துமாரிக்குத் தெரியாததா? மஞ்சள் போர்டில் இலவசம் என்று எழுதினதும் எல்லாம் மறந்துபோய்விட்டது.

இதை யாரும் வாசலில் சொல்லாததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. பருப்பு பழசு என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். உங்கள் முதலாளிக்குச் சனி பிடித்திருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

"எல்லாருக்கும் உன் கையாலதான குடுத்த?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அது நம் வீட்டையும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அவருக்குப் பயம்.

மறுநாள் அண்ணாச்சி அறைக்குள் போய் நின்றேன். "என்னம்மா சரோசா, லீவு வேணுமா?" என்று அவரே கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எங்கண்ணன் படுத்த படுக்கையா கெடக்காரு. அத வச்சுமா கத கட்டுதாவ?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நான் அப்படி நெனச்சுக் குடுக்கலம்மா. நீயாவது நம்புதியா?" என்றார்.

"சத்தியமா நம்புதேன் அண்ணாச்சி."

அன்றைக்கே போர்டைக் கழற்றச் சொன்னார். ஆஃபரை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்று நினைத்தோம். எங்கே! "கழிச்சு முடிஞ்சுட்டு, அதான் நிப்பாட்டிட்டாரு" என்று அதற்கும் கதை வந்தது. பசுவந்தனை பஸ்ஸிலும் நாகலாபுரம் பஸ்ஸிலும் அந்தக் கதை டிக்கெட் வாங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பார்க்கிங்கில் சைக்கிள்கூட இல்லை. கடை ரேக்குகளை விலைக்குக் கேட்டு ஆள் வந்திருப்பதாக முத்துமாரி சொன்னாள். எனக்கு ராத்திரி கண் மூட முடியவில்லை.

5. திரும்பி வந்த பாக்கெட்

பேச்சியம்மா வந்தபோது மழை விட்டிருந்தது. கூட்டம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர் ஒதுங்கி நின்றார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றவில்லை. கரிசல் சேறு அப்பின காலோடு நேரே பில்லிங் கவுண்டருக்கு வந்து, மஞ்சள் பையில் கையை விட்டு அந்த எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். இன்னும் பிரிக்கவில்லை.

"இத எடுத்துக்கிடுங்க."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். "என்னாச்சு பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டே நான் கிட்டே போனேன்.

"என்னாச்சா? ரெண்டு ஆடு போயிட்டு. இன்னொண்ணு வாயெல்லாம் புண்ணாகி, நாக்கு நீலம் பாரிச்சுக் கெடக்கு. வீட்டுக்குப் போயிப் பைய உதறுனா இது விழுது. நான் கேட்டனா உங்ககிட்ட எண்ணெ? வாயத் தொறந்து கேட்டனா? கொறஞ்ச வெலைக்குப் பருப்புதான கேட்டேன்?" கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அரிசிப் பாக்கெட்டைக் கிழித்துச் சண்டை போடுகிற அந்த அம்மா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மழைக்காலத்தில் செம்மறிக்கு அந்த நோய் வருவதுதான். பக்கத்து ஊர்களிலும் ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. அதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல முடியுமா? ஆட்டைப் பறிகொடுத்தவர் அவர்.

முத்துமாரி பதற்றத்தில் ரிட்டர்ன் போட்டுப் பார்த்தாள். சிஸ்டம் எடுக்கவில்லை. விலை பூஜ்யம் என்று ஏற்றின ஐட்டத்தை அது திரும்ப வாங்காது. "கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

"அதுவும் வாங்க மாட்டேங்கு பாத்தியா?" என்றார் பேச்சியம்மா. ஒதுங்கி நின்றவர்களிடம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முத்துமாரி இரண்டு கையையும் கவுண்டரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி அறையிலிருந்து வந்தார். விஷயம் புரிந்ததும் கையை நீட்டினார். "எங்கிட்டக் குடுங்கம்மா. எங்கிட்டருந்து வந்ததுதான, நானே வாங்கிக்கிடுதேன்."

"உங்க கையில தர மாட்டேன் அண்ணாச்சி. நீங்களே நொந்து போயிருக்கீங்க. அந்தப் பாவமும் எனக்கு எதுக்கு? பையில போட்டது இந்தப் பிள்ளதான. இவ வாங்கட்டும்."

பாக்கெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று இன்றைக்குப் பெரிய மனுஷி மாதிரி எழுதலாம். அன்றைக்கு என் கை நீளவில்லை. மில் மூடியது, வீட்டுக்காரர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்துபோவது, மகளுக்கு விட்டு விட்டு வருகிற காய்ச்சல், எல்லாம் ஒரே சமயத்தில் கண் முன்னால் வந்து நின்றன. இதற்கு மேல் என் வீடு எதைத் தாங்கும்? வாங்கவும் பயம். வாங்காவிட்டால் ஊர் சொன்னது உண்மை என்று நானே கடை வாசலில் நின்று ஒத்துக்கொண்ட மாதிரி. இத்தனை பேர் பார்க்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் இது நாலு ஊருக்குப் போய்ச் சேரும்.

யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் வாயில் வந்துவிட்டது.

"சும்மா வாங்க மாட்டேன் பெரியம்மா. வெலைக்குக் குடுங்க."

"என்னது?"

"எனக்கு வித்துருங்க. தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு எண்ணெ வேணும். காசு குடுத்து வாங்கிக்கிடுதேன்."

பேச்சியம்மா கையை இறக்கினார். என்னையே பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். கண்ணீரை முந்தானையால் துடைத்தார். பிறகு, ஆத்தாடி, அந்தக் குரல் மாறிவிட்டது.

"எம்புட்டு தருவ?"

"பத்து ரூவா."

"பத்தா? உள்ள முப்பத்தஞ்சுன்னு எழுதித் தொங்க விட்ருக்கீங்க. எங்கிட்ட வாங்கும்போது மட்டும் பத்தா? நல்லா இருக்குடியம்மா உங்க யாவாரம்!"

ஒதுங்கி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். "இருவதுக்கு முடிங்கக்கா" என்று ஒரு ஆள் நடுவில் புகுந்தார். இருபதுக்கு முடிந்தது. நான் என் பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் எண்ணெயை என் கையில் வைத்தார். பாக்கெட் என்னமோ கனத்தது போல இருந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகுதான் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வெல்லம் வாங்கிக்கொண்டு பஸ்ஸேறினார்.

அண்ணாச்சி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரி மூளை, எங்கே இருந்தாலும் வேலை செய்யும். "ஏம்மா சரோசா, வெலைக்கு வாங்குனா ஒண்ணும் இல்லையோ?" என்றார்.

"வெலைக்கு வாங்குனா அது தானம் இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

6. ஒரு ரூபாய் போர்டு

அடுத்த நாள் புதுப் போர்டு. ஐநூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால் அரை லிட்டர் நல்லெண்ணெய் ஒரு ரூபாய் மட்டும். இந்தத் தடவை கிழமையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம், வியாழக்கிழமை. ஒரு ரூபாய் தனியாகப் பில்லில் ஏறும்படி சிஸ்டத்தில் மாற்றினார்கள். நான் வாசலில் நின்றேன். காலையில் வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார்கள்.

ஒரு அம்மா பில்லோடு வந்து நின்று, எண்ணெய்ப் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு ரூவாய்க்கு அரை லிட்டரா? என்ன எண்ணெ இது, பனங்கொட்டை எண்ணெயக் கலந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்லம்மா, சுத்தமான எள்ளெண்ணெ, வேணும்னா வெட்டி மோந்து பாருங்க" என்றேன். "பாக்கத்தான் போறேன்" என்று வெட்டச் சொல்லி முகர்ந்து பார்த்து, ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டுச் சண்டை போட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அளவு குறைவு, நிறம் கறுப்பு, ஒரு ரூபாயை ஏன் சில்லறையாகக் கேட்கிறீர்கள் என்று எனக்கு ஏகப்பட்ட வசவு. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பழைய கூட்டம் முழுசாகத் திரும்பியது என்று பொய் சொல்ல மாட்டேன். சில குடும்பங்கள் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் கால் வைக்க இடமில்லை. ரேக் வாங்க வந்த ஆளை அண்ணாச்சி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான், பிள்ளைகளே. வாங்க வருகிறவர்கள் குறை சொல்லிக்கொண்டிருக்கிறவரை கடைக்கு ஒன்றும் ஆகாது. பேசாமல் சிரித்துவிட்டுப் போகிறார்களா, அன்றைக்குப் பயப்படுங்கள். இன்னொன்று, ஒரு ஆஃபரைப் போர்டில் எழுதுவதற்கு முன்னால் இதை யாராவது கொடுத்தால் என் வீட்டுக்குக் கொண்டுபோவேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. பேச்சியம்மாவிடம் வாங்கின பாக்கெட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். தீபாவளிக் காலையில் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்தார். "இது அதுதான?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் வேறு எண்ணெயும் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் இத்தனை நாளாக, விலைக்கு வாங்கினால் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி விற்றிருக்கிறேன். வேறு எண்ணெயை எடுத்தால் நான் சொன்னதெல்லாம் வெறும் வாய் வார்த்தைதானே? பாக்கெட்டை வெட்டி, ஓமமும் மிளகும் போட்டுக் காய்ச்சினேன். முதலில் என் தலையில் வைத்தேன். பிறகு அவர் தலையில். மகள் கண்ணை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உச்சந்தலையில் எண்ணெயை வைக்கும்போது எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

தை பிறந்தது. ஷட்டர் இறங்கவில்லை. பொங்கல் கழிந்து பேச்சியம்மா வந்தார். மூன்றாவது ஆடு பிழைத்துவிட்டதாம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த எண்ணெய என்ன செஞ்ச?"

"தலைக்குத் தேச்சுக் குளிச்சோம் பெரியம்மா."

"பிள்ளைக்குமா?"

"பிள்ளைக்கும்தான்."

என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தடவை பார்த்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அரிசி ரேக் பக்கம் கவர் கிழிகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.